ஒல்லெக்குள்ளை ஆரோ இருக்கினம்

ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் எங்கள் வீட்டுக் குளியலறையில் கொஞ்சக் காலம் ஒரு சுவீடன்காரி குடியிருந்தாள். வயது ஐந்து. மாலையில் தொட்டியில் வெந்நீர் நிறைந்ததும் உள்ளே இறங்கி, பல் துலக்கும் பிரஷை வாள்போல உயர்த்திப் பிடித்து, "இந்தக் காட்டை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்!" என்று சுத்தமான சுவீடிஷ் மொழியில் சபதம் செய்வாள். சவர்க்காரக் கட்டிதான் எதிரிப்படை. அது தண்ணீருக்குள் மூழ்கியதும் வெற்றி முழக்கம் கேட்கும், அதுவும் சுவீடிஷில். துவாயோடு கதவடியில் நிற்கும் நான், இவளை நான்தான் பெற்றேனா என்று யோசிப்பேன். நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்துக்காரர். அகதிகளாக ஒஸ்லோவுக்கு வந்து, நாக்கு சுளுக்கச் சுளுக்கக் கற்றுக்கொண்டது நொர்வே நாட்டு மொழியான நொர்ஸ்க். எங்கள் பரம்பரையில் ஒருவர்கூட சுவீடனில் ஓர் இரவு தங்கியதில்லை. பெற்ற பிள்ளை ஆரணிக்கு மட்டும் பக்கத்து நாட்டு மொழி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

பதில் கோழி இறைச்சியில் தொடங்குகிறது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நொர்வேயில் இறைச்சி விலையைக் கேட்டால் பிறவிச் சைவமாகிவிடலாம் என்று தோன்றும். ஆகவே சனிக்கிழமைகளில் சனம் காரெடுத்துத் தெற்கே ஓடி, எல்லைப் பாலத்தைக் கடந்து, சுவீடன் எல்லையில் இருக்கும் பெரிய கடைகளில் கோழி, மா, இனிப்பு எல்லாம் அள்ளிக்கொண்டு திரும்பும். நொர்வேக்காரர் இதை ஹாரித்தூர் என்று சொல்லி, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே போவார்கள். எங்கள் ஆட்களுக்கு வெட்கமெல்லாம் இல்லை. ஒரே ஒரு பழக்கம்தான். பாலம் வந்ததும் என் கணவரின் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்க்கும். அங்கே யாரும் மறிப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. எத்தனை வருடம் போய் வந்தாலும் அந்தக் கை கேட்காது.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மலிவு விலை டிவிடிகள் ஒரு கூடையில் குவிந்து கிடந்தன. ஆரணி காலை உதறிக்கொண்டு நின்றாள். "இதொண்டை வாங்கிக் குடுப்பம், கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருப்பாள்" என்று இவர் ஒரு பெட்டியை இழுத்தெடுத்தார். உள்ளே ஆறு தட்டுகள். அட்டையில் நரிவால் முளைத்த ஒரு சிறுவன். யப்பானில் செய்த கார்ட்டூன் தொடர், சுவீடிஷ் குரல் போட்டது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சுவீடிஷ், பின்லாந்து மொழி, யப்பான் மொழி என்று மூன்றும் எழுதியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கோழி உருகிவிடும் என்ற அவசரம்.

அந்தச் சிறுவனுக்கு சுவீடனில் வைத்த பெயர் ஒல்லெ. அவன் வாழும் ஊருக்கும் ஒரு சுவீடன் பெயர் சூட்டியிருந்தார்கள். குரல் கொடுத்தவர்கள் மொத்தம் மூன்று நான்கு பேர்தான் இருக்க வேண்டும். பொலிஸ்காரன், வில்லன், கிழட்டு முள்ளெலி மூவரும் ஒரே தொண்டையில் இருந்து வந்தார்கள். குரலை மாற்றலாம், படத்தை மாற்ற முடியாதே. ஒல்லெ "வணக்கம்" என்று சொல்வதற்கு இடுப்பு வளையக் குனிந்தான். கடைப் பலகைகளில் யப்பான் எழுத்து அப்படியே இருந்தது. இவர் ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "இஞ்சை பாரும், கார் இடப்பக்கத்தாலை ஓடுது! எங்கடை நாடு மாதிரி!" என்றார். அன்றிலிருந்து அவரும் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தமிழில் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று, சென்னையில் தமிழ்க் குரல் போட்ட வேறொரு யப்பான் கார்ட்டூனைத் தமிழ்க் கடையில் தேடிப்பிடித்து வாங்கியும் வந்தார். ஆரணி இரண்டு நிமிடம் பார்த்தாள். "அப்பா, இவை ஏன் சினிமாப் படத்திலை மாதிரிக் கதைக்கினம்?" என்று கேட்டுவிட்டு ஒல்லெயிடமே திரும்பிப் போனாள். சென்னை நண்பர்கள் கோபிக்கக் கூடாது. எங்கள் பேச்சைக் கேட்டால் நீங்களும் அதைத்தானே சொல்கிறீர்கள், மலையாளம் மாதிரி இருக்கிறதென்று.

எனக்குச் சிரிப்பு மூட்டியது ஒரு காட்சி. ஒவ்வொரு கதையிலும் ஒருமுறையாவது வரும். ஒல்லெயின் அம்மா வெள்ளைச் சோற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஒரு கறுப்பு இலையைச் சுற்றி, மகனின் கையில் வைப்பாள். பருக்கை பருக்கையாகத் தெரியும். ஆனால் குரல் சொல்லும்: "இந்தா ஒல்லெ, சுடச்சுடப் பணிஸ்!" பணிஸ் என்றால் பன், மாவில் சுடுவது. சோற்றை உருட்டிக் கையில் வாங்கிச் சாப்பிடுவது சுவீடன் பிள்ளைகளுக்கு விளங்காது என்று ஸ்டொக்ஹோமில் யாரோ முடிவெடுத்திருக்கிறார். எங்கள் பிள்ளைக்கு அது நன்றாகவே விளங்கும். மீன் குழம்பும் சோறும் ஒரே கோப்பையில் குழைத்து, உருட்டி, நீட்டிய கையில் ஒவ்வொன்றாக வைப்பதுதானே எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு. ஆகவே ஆரணி மிக நியாயமான ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அம்மா உருட்டித் தரும் சாப்பாட்டுக்கு வெளியுலகத்தில் பணிஸ் என்று பெயர். இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் வந்த வில்லங்கம் வந்திருக்காது.

இரவல் குரலில் கதை கேட்டு வளர்வது எனக்கும் புதிதல்ல. பத்து வயதில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில், கொழும்பிலிருந்து வரும் வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றைச் சிங்களக் குரலில் பார்ப்போம். ஒரு குண்டுக் கரடியும் அதன் தம்பியும். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. ஆனாலும் கரடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "மல்லி, மட்ட படகினி" என்னும். தம்பி, எனக்குப் பசிக்குது என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு முன் நாங்களும் அதையே கரடியின் குரலில் கத்துவோம். பிறகு யுத்தம் வந்து, மின்சாரம் போய், கரடியும் போனது. பத்து வருடத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்கென்று புறப்பட்டு வரும் வழியில், வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றேன். என் வயதுகூட இருக்காத ஓர் இராணுவப் பையன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீளமாகச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். என்னிடம் இருந்த சிங்களம் முழுவதும் ஒரு வசனம்தான். அது வாயிலிருந்து விழுந்தது, கரடியின் குரலோடு.

அவன் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். அவனும் அந்தக் கரடியோடு வளர்ந்தவன்தான் போலிருக்கிறது. கடதாசியில் சுற்றி வைத்திருந்த மாலு பணிஸ் ஒன்றை, அதுதான் உள்ளே மீன் வைத்த முக்கோணப் பணிஸ், எடுத்து என் கையில் தந்து, போ என்று காட்டினான். பயத்தோடு அதைச் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எல்லோருக்கும் பணிஸ் கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒஸ்லோவுக்கு வந்தபின் மாதத்தில் ஒருநாள் வீட்டில் மீன் பணிஸ் செய்கிறேன். ஏன் என்று இவர் கேட்டதில்லை.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். ஆரணி பார்னஹாகெ என்ற பாலர் நிலையத்துக்குப் போய் ஒன்றரை வருடமாகியும் அங்கே வாய் திறக்கவில்லை. விளையாடுவாள், சாப்பிடுவாள், வேண்டியதை விரலால் காட்டுவாள். ஒரு சொல் வராது. வீட்டுக்கு வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவு கதை. ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. பேசாத பிள்ளையை அங்கே என்ன செய்வார்கள், எந்த வகுப்பில் ஒதுக்கி வைப்பார்கள் என்று இரவிரவாக இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளின் குழுவுக்குப் பொறுப்பான பெந்தெ நல்ல மனுஷி. கம்பளிச் சட்டை போட்ட நெட்டையான பெண். என்னைக் கண்டால் தலையை ஒருபக்கம் சாய்த்து, "இன்னும் இல்லை" என்பார்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் பெந்தெ வாசலிலேயே ஓடி வந்தார். ஆரணி பேசிவிட்டாளாம்! பாண் துண்டும் சீஸும் பரிமாறியபோது எழுந்து நின்று, வீட்டில் எனக்கு ஒவ்வொரு நாளும் மீனோடு பணிஸ் தருவார்கள் என்று கணீரென்று சொன்னாளாம். சுவீடிஷில். எல்லோருக்கும் ஒரே குதூகலம். நொர்வேயில் சுவீடிஷ் என்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. எல்லோருக்கும் விளங்கும், எல்லோருக்கும் செல்லம். அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. கதைப்பதற்கு வரவும்.

பெந்தெ கோப்பி ஊற்றித் தந்து, மிகவும் பதமாகத் தொடங்கினார்.

"ஆரணி வீட்டில் பணிஸ் சாப்பிடுகிறாளா?"

"ஓம்" என்றேன்.

"மீனோடு?"

எனக்கு என் மீன் பணிஸ் ஞாபகம் வந்தது. பெருமையாகவும் இருந்தது. "மீனோடுதான். மிகவும் நன்றாக இருக்கும். சிலவேளை முட்டையும் வைப்பேன்."

பெந்தெ நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "காய்கறி ஏதாவது?"

"உள்ளே வெங்காயம் இருக்கும்" என்றேன். "கோடை விழாவுக்கு எல்லோருக்கும் செய்து கொண்டுவரட்டா?"

அதையும் எழுதினார். அங்கே பணிஸ் என்றால் சீனியும் கறுவாப்பட்டையும் போட்ட இனிப்புப் பண்டம் என்பதும், அதற்குள் மீனை வைத்து ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தினமும் இரவுச் சாப்பாடாகக் கொடுக்கும் ஒரு தாயை அவர் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என் கையைத் தொட்டார். வீட்டில் தமிழ், தொலைக்காட்சியில் சுவீடிஷ், இங்கே நொர்ஸ்க். ஒரு சின்னத் தலைக்கு இது அதிகம். பள்ளிக்கூடம் தொடங்கும் வரைக்குமாவது தமிழை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீட்டிலும் நொர்ஸ்க் பேசிப் பார்க்கலாமே. சுவீடிஷை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று போக வேண்டுமென்றால் எது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது.

"நீர் ஓமெண்டு சொல்லிப்போட்டே வந்தனீர்?" என்று இவர் கேட்டார்.

"பின்னை என்ன செய்யிறது? பள்ளிக்கூடத்திலை பிள்ளை ஊமை மாதிரி இருக்கட்டோ?"

"சரி. அவை படிச்ச ஆக்கள். செய்து பாப்பம்."

செய்து பார்த்தோம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் கற்ற நொர்ஸ்க் முழுவதும் முதியோர் இல்லத்தில் கற்றது. அங்கே ஒன்பது வருடமாக உதவித் தாதி. தொண்ணூறு வயதுக் கிழவிகளை எழுப்பி, கழுவி, கோப்பி கொடுத்து, மருந்து விழுங்கவைக்க எவ்வளவு மொழி வேண்டுமோ அவ்வளவும் என்னிடம் உண்டு, அதற்கு மேல் இல்லை. இவரின் நொர்ஸ்க், பொதிகள் பிரிக்கும் கிடங்கில் சுமையேற்றும் வண்டி ஓட்டிக் கற்றது. இலக்கங்கள், எச்சரிக்கைகள், பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக்கூடாத சில சொற்கள். முதல்நாள் இரவுச் சாப்பாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நன்றாக உறங்கினீர்களா, ஆரணி? வயிறு ஒழுங்காகப் போனதா? இப்போது மெதுவாக நிமிர்ந்து உட்காருவோமா?" இது நான், நொர்ஸ்க்கில்.

"பின்னுக்கு! கால் கவனம்!" இது இவர், கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தபடி.

ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியை உயர்த்தி, "காட்டின் மைந்தர்கள் அடிபணியார்!" என்று சுவீடிஷில் முழங்கினாள்.

முதல் வாரம் நாங்கள் மூவரும் சிரித்துச் சிரித்தே சாப்பிட்டோம். இரண்டாவது வாரம் சிரிப்புக் குறைந்தது. மூன்றாவது வாரம் பேச்சே குறைந்தது. அந்த மொழியில் ஏசத் தெரியாது, செல்லம் கொஞ்சவும் தெரியாது. காகம் ஏன் குளிரில் உறைவதில்லை என்று அவள் கேட்டால், "அது நன்றாகப் போகும்" என்று முதியோர் இல்லத்துப் பதில்தான் வரும். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாலர் நிலையத்திலும் அந்த ஒரு பணிஸ் வசனத்துக்குப் பிறகு மறுபடி மௌனம். வீட்டில் இருந்த கதையும் போனதுதான் மிச்சம்.

அந்த நாட்களில்தான் ஒரு தொலைக்காட்சியில் ஒல்லெயின் தொடர் நொர்ஸ்க் குரலில் தொடங்கியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று இவர் துள்ளிக்கொண்டு வந்து மகளைக் கூப்பிட்டார். ஒல்லெ வாயைத் திறந்தான். வேறு குரல். சுவீடிஷ் பிரதியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. சோற்றுருண்டை வந்தபோது அங்கேயும் பணிஸ் என்றே சொன்னார்கள். தவறுக்கும் விசா கிடைத்து எல்லை தாண்டியிருந்தது. ஆரணி சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் குனிந்து பார்க்க, என் காதுக்குள் தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, ஒல்லெக்குள்ளை ஆரோ இருக்கினம்."

நான் சிரித்தேன். இவரிடம் சொல்லி அவரும் சிரித்தார். தொடர் முடியும்வரை அவள் வெளியே வரவில்லை.

நாலு நாள் கழித்து, வேலை முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது, எங்கள் கட்டிடத்து வாசற்படியில் அவள் சறுக்கி விழுந்தாள். பகலில் உருகிய பனி திரும்ப இறுகியிருந்தது. உதடு வெடித்து இரத்தம். நான் ஓடிப்போய் முழங்காலில் இருந்து தூக்கினேன். பெந்தெக்குக் கொடுத்த வாக்கோ, ஒன்பது வருடப் பழக்கமோ, என் வாயிலிருந்து வந்தது வேலைத்தலத்துக் குரல். "சோ, சோ. தெ கோர் ப்ரா." அமைதி, எல்லாம் நல்லபடி. விழுந்த கிழவிகளிடம் என்னென்ன கேட்க வேண்டுமோ அதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். தலையில் அடிபட்டதா? மயக்கம் வருகிறதா? இன்றைக்கு என்ன கிழமை? ஐந்து வயதுப் பிள்ளையிடம், என் சொந்தப் பிள்ளையிடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன்.

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு என் கைகளைத் தள்ளிவிட்டு, காரிலிருந்து பைகளோடு வந்துகொண்டிருந்த தகப்பனை நோக்கி அலறினாள்.

"அப்பா! அம்மாக்குள்ளை ஆரோ இருக்கினம்! வெளியிலை வரச் சொல்லுங்கோ!"

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஈரப் பனியிலேயே குந்திவிட்டேன். "இல்லையம்மா, நான்தான். என்ரை குஞ்சு, என்ரை ராசாத்தி, அம்மாதான், வேறை ஒருத்தரும் இல்லை" என்று மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. நானும் அழுதேன். அவள் இரத்தம் பட்ட கைகளால் என் முகத்தைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம், "இப்ப அம்மாதான்" என்று அறிவித்தாள்.

அன்று பின்னேரம் அவளைச் சமாதானப்படுத்த டிவிடியைப் போட்டோம். இவர் ரிமோட்டின் மேல் உட்கார்ந்ததில் எந்தப் பொத்தான் அமுங்கியதோ, ஒல்லெ திடீரென்று யப்பான் மொழியில் பேசத் தொடங்கிவிட்டான். எனக்குப் பயமாகிவிட்டது. இன்னொருவன் உள்ளே புகுந்துவிட்டான் என்று அலறப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் அலறவில்லை. திரைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அம்மா, இவன்ரை வாய் இப்பதான் சரியா மூடுது."

"அதுதான் அவன்ரை சொந்தக் குரல், குஞ்சு. அவன் யப்பான்காரன்."

"அப்ப சுவீடிஷ்?"

"அது வெளியாக்களுக்கு."

"வீட்டை இப்பிடித்தான் கதைக்கிறவனோ?"

"ஓம்."

அவள் திரும்பி எங்கள் இருவரையும் நன்றாகப் பார்த்தாள். சோற்றுருண்டைக் காட்சி வந்ததும், "இவ பணிஸ் எண்டு சொல்லேல்லை" என்றாள். அது பணிஸ் இல்லை, சோறு என்றேன். "சோறெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் மீன் வைச்சு உருட்டித் தாறதுதானே. வெளியிலை அதுக்குப் பணிஸ் எண்டு பேர்" என்றாள், விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல. எனக்கு அப்போதுதான் பெந்தெயின் நோட்டுப் புத்தகம் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. மீனோடு பணிஸ். சிலவேளை முட்டை. உள்ளே வெங்காயம். தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவள் கண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. இவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

திங்கட்கிழமை டிவிடியோடும் ஒரு டப்பாச் சோற்றுருண்டையோடும் பாலர் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் போட்டு நிறுத்தி, பெந்தெயிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன். "என் மகள் சொல்லும் பணிஸ் இது." பெந்தெ திரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், "சோறு!" என்று கத்தினார். கம்பளிச் சட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, மெட்ரோவில் வரும்போது உருப்போட்டு வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். வீட்டில் நான் நொர்ஸ்க் பேசினால் என் மகளுக்கு அம்மா இல்லை, ஓர் உதவித் தாதிதான் மிஞ்சுகிறாள். ஆகவே தமிழை நிறுத்த மாட்டோம். ஒரு சொல்லும் விடாமல் முழுவதும் சொன்னேன். பெந்தெயின் முகம் சிவந்தது. பிறகு, "நான் அதை யோசித்திருக்க வேண்டும்" என்றார்.

இதற்குள் பிள்ளைகள் திரையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெந்தெ ரிமோட்டை எடுத்து யப்பான் மொழியைப் போட்டார். ஒரு பெண்பிள்ளை முகத்தைச் சுளித்து, "இவன் பிழையாகப் பேசுகிறான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆரணி கையை விட்டாள். பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று, அந்தக் கட்டிடத்துக்குள் தன் முதல் நொர்ஸ்க் வசனத்தைச் சொன்னாள். கொஞ்சம் சுவீடிஷ் ராகம் கலந்திருந்தது.

"பிழை இல்லை. அவன் இப்போது வீட்டில் இருக்கிறான்."

ஒன்றரை வருடமாகக் காத்திருந்த பெந்தெ என்னைப் பார்த்தார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகு சோற்றுருண்டை பரிமாறினோம். பாதிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பாதிப் பிள்ளைகள் துப்பினார்கள்.

ஆரணி இப்போது மூன்றாம் வகுப்பு. நொர்ஸ்க்கில் என்னைத் திருத்துகிறாள். சுவீடன் கடைக்குப் போனால், காசு வாங்கும் பெண்கள் அவளின் சுவீடிஷைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் ஒல்லெயின் ஊரைச் சொல்வாள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அவர்களும் எங்கேயோ வடக்கே இருக்கிறதாக்கும் என்று தலையாட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் தொடங்கிய ஒரு பழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. நான் வேலையால் வந்து மணியை அடித்தால் அவள் உள்ளிருந்து, "ஆர் அது?" என்பாள். நான், "அம்மாதான்" என்று சொன்ன பிறகே கதவு திறக்கும். போன வாரம் ஒருநாள் எங்கள் இல்லத்தில் ஆள் குறைவு. காலையிலிருந்து ஒன்பது கிழவிகள், ஒரே ஓட்டம், வாய் ஓயாமல் நொர்ஸ்க். அந்தி வெளிச்சத்தில் படியேறி வந்து மணியை அடித்தேன்.

"ஆர் அது?"

"தெ ஆர் பாரெ மை" என்றேன். வேறு யாருமில்லை, நான்தான்.

பிறகு கதவுக்கு மிக அருகில் அவளின் குரல் கேட்டது. விளையாட்டா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அம்மா இன்னும் வேலையாலை வரேல்லை. கொஞ்சம் நில்லுங்கோ, வந்திடுவா."

தொண்டையைச் செருமி வாயைத் திறந்தேன். எந்த மொழியும் உடனே வரவில்லை. தோளில் பையோடு, பூட்டிய என் வீட்டுக் கதவுக்கு முன்னால், நானும் அந்த அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.